தம்பியிடம் இல்லாத நொதி, தங்கைக்கு இப்போதே தேவைப்படும் சோதனை

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 27 வயது. கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்தே அவனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. எத்தனையோ மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. 11 வயதில் இரண்டு கண்ணிலும் கண்புரை வந்து ஆபரேஷன் செய்தோம். படிப்பில் பின்தங்கினான். 20 வயதுக்கு மேல் இரண்டு குதிகாலுக்கும் பின்னால் கட்டி மாதிரி தடித்தது. வலி இல்லை என்பதால் விட்டுவிட்டோம். இரண்டு வருடமாக நடை தள்ளாடுகிறது, பேச்சு இழுக்கிறது. இப்போது ஜீன் டெஸ்ட் செய்து, சி.ஒய்.பி.27ஏ1 என்ற ஜீனில் இரண்டு பிழைகள் இருக்கின்றன, அதனால் பித்த அமிலம் தயாரிக்கும் நொதி ஒன்று வேலை செய்யவில்லை, நோயின் பெயர் செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமடோசிஸ் என்கிறார்கள். ஆனால் அவனுடைய லிவர் டெஸ்ட் நார்மல், கொலஸ்ட்ராலும் நார்மல். கீனோடீஆக்சிகோலிக் அமிலம் என்ற மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமாம். அது பித்தப்பைக் கல்லைக் கரைக்கிற மருந்து, ஈரலைக் கெடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டுத் தம்பி தொடவே மாட்டேன் என்கிறான். கேட்டால் கோபம் வருகிறது. மூளைக் கோளாறுக்குப் பித்தம் எப்படிக் காரணமாகும்? கொழுப்பில்லாமல் சாப்பிட்டால் போதாதா? மருந்து சாப்பிட்டால் பழையபடி நடப்பானா? எனக்கு 33 வயது, ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். எங்களுக்கும் வருமா? எங்கள் கடைசித் தங்கைக்கு 19 வயது. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், சின்ன வயதில் அவளுக்கும் வயிறு சரியில்லாமல் இருந்ததைத் தவிர.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கைக்கு இந்த வாரமே இரத்தச் சோதனை செய்யுங்கள். தம்பியை மருந்து சாப்பிட வைப்பதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம். தங்கையின் சோதனைக்கு அவ்வளவு அவகாசம் கொடுக்காதீர்கள்.

காரணம் இதுதான். இந்த நோய் வர வேண்டுமானால் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என, அந்த ஜீனின் இரண்டு பிரதியிலும் பிழை வந்து சேர வேண்டும். உங்கள் பெற்றோர் இருவரிடமும் ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி பிழையானது. அதனால் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை. இப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தம்பிக்கு வந்துவிட்டதால் மற்றவர்களுக்கு அது குறைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவது போலத்தான். தங்கைக்கும் சின்ன வயதில் வயிறு சரியில்லாமல் இருந்தது என்கிறீர்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் உறுதியான பிறகு, கூடப் பிறந்தவரின் சிறுவயது வயிற்றுப்போக்கைச் சாதாரணமாக ஒதுக்க எனக்கு மனம் வராது.

19 வயதில் நன்றாக இருக்கிறாள் என்பதையும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோய் வருகிற வரிசை அப்படி. பெரும்பாலும் முதலில் குழந்தைப் பருவத்து வயிற்றுப்போக்கு, அடுத்து பத்து வயதை ஒட்டியோ பதின்பருவத்திலோ கண்புரை, அதற்கும் பின்னால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தடிப்பு, கடைசியாக நடை, பேச்சு, நினைவு. எல்லோருக்கும் எல்லாமும் வருவதில்லை. ஒரே வீட்டில் ஒரே பிழை உள்ள இருவரில் ஒருவருக்குக் கண்ணில் மட்டும் வரும், இன்னொருவருக்கு நரம்பில் வரும். உங்கள் தம்பியே 25 வயதுவரை நன்றாகத்தானே நடந்தான்!

நெதர்லாந்தில் இந்த நோயாளிகள் 56 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 24 வயதுக்கு முன் மருந்தைத் தொடங்கியவர்களுக்கும் அதற்குப் பின் தொடங்கியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. முன்னால் தொடங்கியவர்களிடம் நரம்புக் கோளாறு இருந்திருந்தால்கூட அது மறைந்தது. பின்னால் தொடங்கியவர்களில் பலருக்கு, மருந்து சாப்பிட்டும் நோய் கூடியது. 24 என்பது கத்தியால் வெட்டிய கோடு கிடையாது. ஆனாலும் 19 வயதுப் பெண்ணுக்கு இந்த நோய் இருந்து, அது இப்போதே தெரியவந்தால், அவளுடைய வாழ்க்கையே வேறு மாதிரி அமையும். இதைத்தான் இந்தப் பதிலில் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

செய்ய வேண்டியது எளிது. தம்பியின் ஜீன் அறிக்கையில் இரண்டு பிழைகளும் எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மரபியல் மருத்துவரிடம் போங்கள். எல்லா ஜீன்களையும் துழாவத் தேவையில்லை, அந்த இரண்டு இடங்களை மட்டும் பார்த்தால் போதும். அதே நாளில் எடுக்கும் இரத்தத்தில், இந்த நோயில் உடலில் சேர்ந்து படிகிற கொலஸ்டனால் என்ற பொருளின் அளவையும் கேளுங்கள். கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, பார்வையை இன்னும் மறைக்காத சிறு புரை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்பா, அம்மாவையும் சோதித்தால் நல்லது. தம்பியின் இரண்டு பிழைகளும் ஆளுக்கொன்றாக வந்தவைதான் என்பது அப்போது உறுதியாகும்.

இனி, பித்தத்துக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு வருகிறேன். இது புரிந்தால்தான் மருந்தும் புரியும். கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுத் தம்பியிடமும் காட்டுங்கள்.

நம் ஈரல் நாளொன்றுக்குச் சுமார் அரை கிராம் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றுகிறது. கொழுப்பைச் செரிக்க வைப்பதும், உடலில் மிஞ்சும் கொலஸ்ட்ராலை வெளியேற்றுவதும் இந்த அமிலங்களின் வேலை. குடலுக்குப் போன பித்த அமிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை உடல் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கே அனுப்பிவிடும். வெளியே போகும் மிச்சத்தை ஈடுசெய்யத்தான் இந்த அரை கிராம் உற்பத்தி. இந்த வேலையில் 15-க்கும் மேற்பட்ட நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோக்கின்றன. கடைசியில் இரண்டு அமிலங்கள் கிடைக்கின்றன. ஒன்று கோலிக் அமிலம். மற்றொன்று கீனோடீஆக்சிகோலிக் அமிலம். நீளமான பெயர் என்பதால் கீனோ என்றே எழுதுகிறேன்.

கொலஸ்ட்ரால் மூலக்கூறில் 27 கார்பன் அணுக்கள் இருக்கின்றன. நான்கு வளையங்கள், அவற்றின் ஓரத்தில் ஒரு வால். பித்த அமிலத்தில் இருப்பதோ 24 கார்பன். அதாவது வாலின் நுனியிலிருந்து மூன்று கார்பனை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் அந்த நுனியில் ஆக்சிஜனைப் பொருத்தித் தயார்செய்ய வேண்டும். அதைச் செய்வதுதான் உங்கள் தம்பியிடம் இல்லாத நொதி. ஸ்டெரால் 27-ஹைட்ராக்சிலேஸ் என்று அதற்குப் பெயர். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் அது உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் வாலை வழக்கமான முறையில் வெட்ட முடியாது. கோலிக் அமிலத்தை மட்டும் உடல் வேறொரு சுற்றுவழியில் ஓரளவு தயாரித்துக்கொள்ளும். கீனோ கிட்டத்தட்ட உருவாவதே இல்லை.

அமிலம் குறைந்ததோடு விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு தொல்லை வந்திருக்காது. கீனோவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்துகிற மிதவைப் பந்து போல, பித்த அமில உற்பத்தியைப் போதும் என்று நிறுத்துவது அதுதான். ஈரல் செல்லில் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி, அதாவது பித்த அமிலம் வந்து ஒட்டியதும் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம், இருக்கிறது. உடலில் இயற்கையாக இருக்கும் பித்த அமிலங்களில் அதை மிக வலுவாகத் தூண்டுவது கீனோ என்பது 1999-இல் தெரியவந்தது. அந்த ஏற்பி தூண்டப்பட்டால், உற்பத்தி வரிசையின் வாசலில் நிற்கும் சி.ஒய்.பி.7ஏ1 என்ற முதல் நொதி அடங்கும். தம்பியின் உடலில் கீனோ இல்லை, அதனால் முதல் நொதி இரவு பகலாக வேலை செய்கிறது. கொலஸ்ட்ரால் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, பாதி வழிவரை மாறுகிறது, அதற்கு மேல் போக வழியில்லாமல் தேங்குகிறது.

தேங்கியதில் ஒரு பகுதி பித்த ஆல்கஹாலாக மாறி, மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். இன்னொரு பகுதி கொலஸ்டனாலாக மாறுகிறது. கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புதான் வேறுபாடு. ஆனால் இது கரைந்து வெளியேறாமல் திசுக்களில் படிந்துவிடும். கண் வில்லையில் படிந்தது கண்புரையாயிற்று. தசைநாணில் படிந்தது குதிகால் தடிப்பாயிற்று. மூளைக்குள் அன்னியப் பொருட்கள் நுழையாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கொலஸ்டனாலாக மாறுவதற்கு முந்தைய இடைப்பொருள் அந்தத் தடுப்பைத் தாண்டிப் போய், உள்ளே போன பிறகு கொலஸ்டனாலாக மாறுகிறது. உடலைச் சமநிலையில் வைக்கிற சிறுமூளையில் அது படிந்ததால்தான் தம்பியின் நடை தள்ளாடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால், சிறுமூளையின் நடுப்பகுதியில் இருபுறமும் சமமாக மாற்றம் இருப்பதாக எழுதியிருப்பார்கள். பாருங்கள்.

குதிகால் தடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கையையும் உங்களையும் நீங்களே தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் சொல்கிறேன். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கீழிருந்து மேலாகத் தடவுங்கள். சாதாரணமாக அது பட்டையாக, விளிம்பு தெரிகிற மாதிரி இருக்கும். இந்த நோயில் அது உருண்டு, கெட்டியாக, சில இடங்களில் முடிச்சு விழுந்தது போல இருக்கும். சிவக்காது, பெரும்பாலும் வலிக்காது. பாதத்தை மேலும் கீழும் ஆட்டினால் தடிப்பும் கூடவே நகரும், ஏனென்றால் அது தசைநாணுக்குள்ளேயே இருக்கிறது. பிறவியிலேயே கெட்ட கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருப்பவர்களுக்கும் இதே இடத்தில் தடிப்பு வரும். அவர்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமாக இருக்கும். குதிகால் தடித்திருந்தும் கொலஸ்ட்ரால் நார்மல் என்றால், அப்போதே இந்த நோயை நினைத்துப் பார்க்க வேண்டும். தடிப்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்பதற்காகத் தங்கையின் இரத்தச் சோதனையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

லிவர் டெஸ்ட் நார்மல் என்கிறீர்கள். அந்தச் சோதனை ஈரல் செல்கள் சிதைகின்றனவா, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பிலிரூபின் தேங்குகிறதா என்பதைச் சொல்லும். இந்த ஒரு நொதி இருக்கிறதா, இல்லையா என்பதை அது அளப்பதில்லை. கொலஸ்ட்ரால் சோதனையும் அப்படித்தான். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் 150, 200 மில்லிகிராம் இருக்கும் ஆரோக்கியமானவரிடம் கொலஸ்டனால் அரை மில்லிகிராம்கூட இருக்காது. நோயாளியிடம் அது ஐந்து மடங்கு, பத்து மடங்கு ஏறினாலும் சில மில்லிகிராம்தான். மொத்தக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. அதற்கென்று உள்ள தனிச் சோதனையைச் சில ஆய்வகங்களே செய்கின்றன. அதனால்தான் இந்த நோயாளிகளில் பலருக்கு 30 வயது தாண்டிய பிறகே நோயின் பெயர் தெரிகிறது. அதுவரை வயிற்றுக்கு ஒரு மருத்துவர், கண்ணுக்கு ஒரு மருத்துவர், காலுக்கு ஒரு மருத்துவர் என்று தனித்தனியாகப் பார்த்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க யாருக்கும் வாய்த்திருக்காது. கட்டியை வலி இல்லை என்று விட்டுவிட்டதற்காக நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். வலி இல்லாத கட்டியை மருத்துவர்களே விட்டுவிடுவது உண்டு.

இப்போது மருந்து. தம்பி படித்தது பொய்யில்லை. கீனோ முதலில் புகழ்பெற்றது பித்தப்பைக் கல் மருந்தாகத்தான். கொலஸ்ட்ரால் கற்களை அது கரைக்கும் என்று 1972-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். ஆனால் கல்லுக்காக அதைச் சாப்பிட்டவர்களின் உடலில் கீனோ ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். தம்பியின் உடலில் அது இல்லவே இல்லை. அவன் சாப்பிடப்போவது உடல் தானே தயாரித்திருக்க வேண்டிய பொருளைத்தான். இன்சுலின் சுரக்காதவர் இன்சுலின் போட்டுக்கொள்வதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. வெளியிலிருந்து கீனோ வந்து சேர்ந்ததும் எஃப்.எக்ஸ்.ஆர். விழித்துக்கொள்ளும், முதல் நொதி அடங்கும், தேக்கம் குறையும், புதிய கொலஸ்டனால் உருவாவது குறையும்.

இந்த நோயை பெல்ஜிய நரம்பியல் மருத்துவர் வான் போகார்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1937-இல் விவரித்தார்கள். நோயாளிகளின் பித்தத்தில் கீனோ இல்லாததை ஜெரால்டு சேலன் என்ற அமெரிக்க மருத்துவர் 1971-இல் எழுதினார். இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த நோய்க்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. பிறகு 1984-இல் 17 நோயாளிகளுக்குக் குறைந்தது ஓராண்டு கீனோ கொடுத்த முடிவுகள் வெளியாயின. இரத்தத்தில் கொலஸ்டனால் வெகுவாகக் குறைந்தது, பலரின் நினைவும் நடையும் தேறின. சி.ஒய்.பி.27ஏ1 ஜீனின் பிழைகள் 1991-இல் தெரியவந்தன. ஐரோப்பாவில் 2017-இலும் அமெரிக்காவில் 2025 பிப்ரவரியிலும் இந்த நோய்க்கென்றே கீனோவுக்கு அனுமதி கிடைத்தது. தம்பிக்கு எழுதிக்கொடுத்திருப்பது கல் மருந்தைக் கைக்கு வந்தபடி மாற்றிக் கொடுத்தது அல்ல என்று அவனிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 250 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வார். ஈரலைப் பற்றிய அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. கீனோவைக் குடல் பாக்டீரியாக்கள் லித்தோகோலிக் அமிலமாக மாற்றும், அது ஈரலை உறுத்தக்கூடியது. அதனால்தான் தொடங்கும் முன் ஒருமுறையும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் ஈரல் என்சைம்களைப் பார்ப்பது கட்டாயம். அவை ஏறினால் பெரும்பாலும் அளவைக் குறைத்தோ, சில நாட்கள் நிறுத்தி மறுபடி தொடங்கியோ சமாளித்துவிடலாம். அப்படியும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கோலிக் அமிலம் கொடுத்துப் பார்க்கிற வழியும் இருக்கிறது. ஆக, தம்பி பயப்படுவதற்குக் கண்காணிப்பு என்ற பதில் இருக்கிறது. மருந்து சாப்பிடாமல் இருந்தால் மூளையில் படிவதற்கு அப்படி ஒரு பதில் இல்லை.

மருந்து விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அர்சோடீஆக்சிகோலிக் அமிலம் என்று இன்னொரு மருந்து எளிதாகக் கிடைக்கும். ஈரல் நோய்களுக்குப் பரவலாக எழுதுகிறார்கள். பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டும் பித்த அமிலம்தான். கீனோ கிடைக்கவில்லை என்றால், அது இல்லையா இதைச் சாப்பிடுங்கள் என்று யாராவது சொல்லக்கூடும். ஏற்காதீர்கள். எஃப்.எக்ஸ்.ஆர். ஏற்பியை அர்சோ தூண்டுவதில்லை, முதல் நொதி அதற்கு அடங்காது, இந்த நோயில் அது பலன் தரவில்லை என்பது பார்த்து உறுதி செய்யப்பட்ட விஷயம். மாத்திரை வாங்கும் ஒவ்வொரு முறையும் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

இரண்டாவது, நாள்பட்ட வயிற்றுப்போக்குக்காகச் சிலருக்குக் கொலஸ்டிரமின் என்ற தூளைக் கொடுப்பார்கள். குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுவது அதன் வேலை. தம்பி சாப்பிடும் கீனோவையும் அது பிடித்துவிடும். அவனிடம் பழைய மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அளவு கூடிப்போனால் கீனோவே வயிற்றுப்போக்கை உண்டாக்கும் என்பது உண்மை. ஆனால் இந்த நோயாளிகளுக்கு அது பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. பிறந்ததிலிருந்து நிற்காத வயிற்றுப்போக்கு மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் நின்றுவிடும். தம்பியிடம் பேசும்போது நடையையும் மூளையையும் விட்டுவிட்டு, இதை முதலில் சொல்லிப் பாருங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டே வெளியில் கிளம்புகிற ஒருவனுக்கு, சீக்கிரமே கண்கூடாகத் தெரியப்போகிற மாற்றம் அதுதான்.

அவனுடைய கோபத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்த நோய் நடையை மட்டும் தொடுவதில்லை. எரிச்சல், பிடிவாதம், கவனம் நிற்காமை, சிலருக்கு மனச்சோர்வு, இன்னும் சிலருக்குக் கடுமையான மனநலக் கோளாறு என்று வரும். படிப்பில் பின்தங்கியதும் இந்த நோயால் இருக்கலாம். வீட்டில் இத்தனை வருடம் அவனைச் சோம்பேறி என்றோ அக்கறை இல்லாதவன் என்றோ யாராவது சொல்லியிருந்தால், அது நோயின் வேலையாக இருக்கலாம் என்று அவன் காதுபட ஒருமுறை சொல்லுங்கள். மருந்து வேண்டாம் என்பவனை அதட்டிச் சாப்பிட வைப்பதைவிட இது பலன் தரும் என்று நம்புகிறேன். நரம்பியல் மருத்துவரிடம் மனநல மருத்துவரின் உதவியும் கேளுங்கள். முதலில் மூன்று மாதம் மட்டும் சாப்பிட்டுப் பார், கொலஸ்டனால் எவ்வளவு இறங்கியது என்று நீயே அறிக்கையில் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று அவனோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஆயுள் முழுக்க என்ற சொல்லைக் கேட்டதும் 27 வயதுப் பையன் மிரள்வது இயல்பு. அந்த எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர்கள் பெரும்பாலும் மருந்தை விடுவதில்லை.

பழையபடி நடப்பானா என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். ஆபரேஷன் செய்த கண்ணுக்கு இனி மருந்தால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. குதிகால் தடிப்பு பெரிதாகக் கரையாது. அறுத்து எடுக்கலாம், ஆனால் திரும்ப வருவதுண்டு. செருப்புப் போடவோ நடக்கவோ இடைஞ்சல் இல்லாதவரை நான் அதைத் தொடச் சொல்ல மாட்டேன். நடையும் பேச்சும் சிலருக்குத் தெளிவாகத் தேறுகின்றன. சிலருக்கு இருக்கிற இடத்திலேயே நிற்கின்றன. தாமதமாகத் தொடங்கிய சிலருக்கு, மருந்து சாப்பிட்டும் மெல்லக் கூடுகின்றன. தள்ளாட்டம் தொடங்கி இரண்டே வருடம்தான் ஆகிறது என்பது தம்பிக்குச் சாதகம். கூடவே பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். சில மாதம் சாப்பிட்டு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டால் முதல் நொதி பழையபடி தலைதூக்கிவிடும். மருந்து தீர்வதற்கு ஒரு மாதம் முன்பே அடுத்ததற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், எல்லா இடத்திலும் உடனே கிடைக்கிற மருந்து இல்லை இது.

அடுத்து நீங்கள். 33 வயது, கண்புரை இல்லை, தடிப்பு இல்லை, வயிறு சரியாக இருக்கிறது என்றால் உங்களுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் தங்கையோடு சேர்ந்து நீங்களும் இரத்தம் கொடுத்துவிடுங்கள், ஒரே செலவோடு முடியும். நோய் இல்லாத உடன்பிறப்பு ஒரு பிழையைச் சுமந்துகொண்டிருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அப்படிச் சுமப்பதால் உங்கள் உடம்புக்குப் பாதகம் வரப்போவதில்லை. உங்கள் மகளுக்கு நோய் வர வேண்டுமானால் உங்கள் கணவரும் இதே ஜீனில் ஒரு பிழையைச் சுமக்க வேண்டும். உங்களிடம் பிழையே இல்லை என்று வந்தால் மகளைப் பற்றிய கவலையை அதோடு விட்டுவிடலாம். இருக்கிறது என்று வந்தால் கணவரையும் சோதியுங்கள். அவர் உங்கள் இரத்த உறவாக இருந்தால் கண்டிப்பாகச் சோதியுங்கள். உங்கள் முடிவு வருவதற்குள் மகளுக்கு விடாத வயிற்றுப்போக்கோ, கண்ணில் வெள்ளையோ தெரிந்தால் காத்திருக்காமல் நேராக அவளையே சோதித்துவிடலாம். பிறந்த புதிதில் அவளுக்கு மஞ்சள் காமாலை வெகுநாள் நீடித்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். சில குழந்தைகளிடம் இந்த நோய் அப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது.

தங்கைக்கு நோய் இருப்பது உறுதியானால் அவளுக்கும் இதே மருந்துதான். பின்னாளில் அவள் கருத்தரிக்கும் திட்டம் இருந்தால் அதற்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும், தானாக மருந்தை நிறுத்தக் கூடாது.

கொழுப்பில்லாத சாப்பாட்டைக் கேட்டீர்கள். படிகிற கொலஸ்டனால் தம்பியின் உடலுக்குள்ளேயே தயாராகிறது. தட்டிலிருந்து எண்ணெயை எடுத்துவிட்டால் அது நிற்காது. ஏற்கெனவே வயிற்றுப்போக்கால் மெலிந்திருப்பவனைப் பத்தியம் போட்டு வாட்டாதீர்கள். எல்லோரையும் போல அளவாக, சத்தாகச் சாப்பிடட்டும். சில மருத்துவர்கள் கீனோவோடு, கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாடின் மாத்திரையும் சேர்ப்பார்கள், அது அவர்கள் முடிவு. ஸ்டாடின் மட்டும் தனியாகப் போதாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எலும்பு அடர்த்தி ஸ்கேனும் வைட்டமின் டி அளவும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த நோயாளிகளின் எலும்பு இளம் வயதிலேயே மெலிந்துவிடுகிறது. தள்ளாடி நடப்பவன் விழுந்தால் எளிதில் முறிந்துவிடும். இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, சிலருக்கு இரத்தக்குழாய் அடைப்பு சீக்கிரமே வருகிறது. தங்கையின் கொலஸ்டனால் முடிவு வந்ததும், எந்த அளவாக இருந்தாலும், எனக்கு எழுதுங்கள்.